பாதிக் கோபுரம்: பழைய கோவாவின் அகுஸ்தினார் மணிக்கூண்டு

பழைய கோவாவுக்குப் போகிற நம்ம ஊர்க்காரர்கள் பெரும்பாலும் இரண்டு இடத்தோடு திரும்பிவிடுகிறார்கள். சவேரியாரின் உடல் இருக்கிற போம் ஜேசு பசிலிக்கா ஒன்று, ரோட்டைத் தாண்டி எதிரே இருக்கிற சே கதீட்ரல் இன்னொன்று. இரண்டையும் பார்த்து, மெழுகுவர்த்தி ஏற்றி, வாசலில் தொப்பி வாங்கி மாட்டிக்கொண்டு, வேன் ஏறி கலங்கூட் கடற்கரைக்குப் போயாச்சு. பசிலிக்காவிலிருந்து மேற்கே மேடேறி ஒரு பத்து நிமிஷம் நடந்தால் இன்னொன்று இருக்கிறது. அதற்குக் கூரையும் கிடையாது, பூசையும் கிடையாது. ஒரு மணிக்கூண்டின் பாதி மட்டும் நிற்கிறது.

'பாதி' என்று சும்மா சொல்லவில்லை. கத்தியால் பலாப்பழத்தைப் பிளந்த மாதிரி, மேலிருந்து கீழ்வரை பிளந்து ஒரு பக்கம் மட்டும் நிற்கிறது. உயரம் 46 மீட்டர். இன்றைய கணக்கில் பதினான்கு, பதினைந்து மாடிக் கட்டடம். செக்கச் செவேலென்று சொரசொரப்பான கல், ஒன்றின் மேல் ஒன்றாக வளைவுகள். அந்த வளைவுகள் வழியாக அந்தப் பக்கத்து ஆகாயம் தெரிகிறது. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் மேகம் நகர்வது தெரியாமல், கோபுரம்தான் நம் மேல் சாய்கிறதோ என்று தோன்றும். நான் ரெண்டு எட்டு பின்னாடி வந்துட்டேன்.

ஊர்க்காரர்கள் இந்த மேட்டை மோந்தே சாந்தோ, அதாவது புனித மலை என்கிறார்கள். மலை என்பது கொஞ்சம் அதிகம், மேடு என்று சொன்னால் போதும். ஆனால் ஒரு காலத்தில் மடங்களும் கோயில்களும் இங்கே நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. எதிரே இருக்கிற சாந்தா மோனிகா கன்னியர் மடம் இன்னும் முழுதாக நிற்கிறது. மேட்டின் மேற்கு முனையில் ஜெபமாலை அன்னை கோயில், மாண்டவி ஆற்றைப் பார்த்தபடி. நடுவில் இந்த இடிபாடு.

சரி, இது என்ன, யார் கட்டினது என்பதைப் பார்ப்போம்.

அல்புகெர்க் 1510-ல் பீஜப்பூர் அடில்ஷாவிடமிருந்து கோவாவைப் பிடித்தபின், போர்த்துகீசியக் கொடிக்குப் பின்னாலேயே துறவற சபைகள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. பிரான்சிஸ்கன்கள், தொமினிக்கன்கள், சேசு சபையார் எல்லாம் முன்னாலேயே வந்து இடம் பிடித்துவிட்டார்கள். அகுஸ்தினார் சபைத் துறவிகள் 12 பேர் 1572-ல்தான் வந்தார்கள். கடைசிப் பந்திக்கு வந்தவர்கள் என்றாலும், அவர்கள் எழுப்பியது சின்னது இல்லை. 1597-ல் தொடங்கி 1602-ல் முடித்த இந்தக் கோயிலுக்கு 'அருள் அன்னை' என்று பெயர் வைத்தார்கள். போர்த்துகீசில் நோசா செஞோரா த க்ராசா. லிஸ்பனில் இதே சபைக்கு இதே பெயரில் ஒரு மடம் உண்டு. கோயிலுக்குள் எட்டுத் துணைச் சிற்றாலயங்கள், நான்கு பீடங்கள், பக்கத்திலேயே அறை அறையாகப் பெரிய மடம். இன்று தரையில் பதித்த கல்லறைக் கற்களும், கருங்கல் தூண்களும், சுவரோரம் நீலமும் மஞ்சளும் ஒட்டிக்கொண்டிருக்கிற ஓட்டுத் துண்டுகளும் அதற்குச் சாட்சி.

1602 என்ற வருஷத்தைக் கொஞ்சம் கவனியுங்க. அப்போது கோவாவின் பேராயர் அலெய்ஷோ த மெனேசெஸ். அவரும் அகுஸ்தினார் சபைக்காரர்தான். நம்ம பக்கத்துக்காரர்களுக்கு, குறிப்பாகக் கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களுக்கு, மறக்க முடியாத பெயர் அது. 1599-ல் உதயம்பேரூரில் சங்கம் கூட்டி, தோமா கிறிஸ்தவர்களை ரோமின் கீழ் கொண்டுவந்தவர். அவர்களுடைய சிரியாக் மொழி நூல்கள் பல அந்தச் சங்கத்தின் முடிவுப்படி எரிக்கப்பட்டன. கோபுரம் கல்மேல் கல்லாக உயர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே சபையின் பேராயர் தெற்கே ஏடுகளை எரித்துக்கொண்டிருந்தார் என்பதைச் சேர்த்துப் படித்தால்தான் இந்தக் கட்டடத்தின் கனம் புரியும். இதே மெனேசெஸ்தான் 1602-ல் பாரசீகத்துக்குத் துறவிகளை அனுப்பினார். அவர்கள் இஸ்பகானில் ஷா அப்பாஸின் அரண்மனை வரை போய் ஒரு மடமே அமைத்தார்கள். இந்தப் பாரசீகத் தொடர்பைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

நான் அங்கே நின்றிருந்த நேரத்தில் ஒரு குடும்பம் வந்தது. கொங்குத் தமிழ். அப்பா, அம்மா, ரெண்டு பிள்ளைகள். நான் நோட்டில் எழுதுவதைப் பார்த்த அந்தப் பெரியவர் பக்கத்தில் வந்து, "ஏனுங்க, இத ஆருங்க இடிச்சது? திப்பு சுல்தானுங்களா, மராட்டாக்காரனுங்களா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. இடிந்த கட்டடத்தைப் பார்த்தவுடன் நமக்கெல்லாம் முதலில் தோன்றுவது இதுதான். யாரோ எதிரி வந்திருக்கணும், பீரங்கி வெச்சிருக்கணும். சாம்பாஜி 1683-ல் கோவாவின் வாசல்வரை வந்தது உண்மை. பக்கத்துத் தீவையே பிடித்தார். ஆனால் இந்தக் கோபுரத்தில் மராட்டியர் கை பட்டதில்லை, திப்புவுக்கும் இதில் வேலையில்லை. "போர்த்துகீசியர்களேதாங்க" என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியல. பிள்ளைகள் கூப்பிட்டதும் போயிட்டார். அவருக்கு அன்றைக்குச் சொல்ல முடியாத மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

1800-களின் தொடக்கத்திலேயே பழைய கோவா காலியாகிக்கொண்டிருந்தது. உச்ச காலத்தில் இரண்டு லட்சம் பேர் வாழ்ந்த நகரம் என்று எழுதுவார்கள். காலராவும் மலேரியாவும் அலை அலையாக வந்தன. நகரம் இருந்ததே ஓட்டை ஓட்டையான செம்மண் கல்பூமி, கழிவுநீர் கசிந்து கிணற்றில் இறங்கும். 1759-ல் வைஸ்ராயே கிளம்பி பனாஜி பக்கம் ஜாகை மாற்றிக்கொண்டார். 1843-ல் பனாஜியே அதிகாரபூர்வத் தலைநகர் ஆனது. வீடுகள் போயின, அரண்மனைகள் போயின, கடைத்தெருக்கள் போயின. கடைசிவரை தங்கினவர்கள் பாதிரிமார்களும் கன்னியர்களும்தான். 1827-ல் கோவாவுக்கு வந்த கொத்தினோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், மக்கள் போய்விட்ட நகரத்தில் மடங்கள் மட்டும் நிற்பதைப் பார்த்துவிட்டு ஒரு சரித்திரக் குறிப்பு எழுதினார். அந்தப் புத்தகம் அச்சானது நம்ம மதராஸில், 1831-ல். கோவாவின் பழைய கட்டடங்கள் பற்றி ஆராய்கிறவர்கள் இன்றும் அதைத் தேடிப் படிக்கிறார்கள். ஒரு காரணம், அவர் பார்த்துவிட்டுப் போன ஏழெட்டு வருஷத்தில் எல்லாம் தலைகீழாகிவிட்டது.

போர்ச்சுகலில் உள்நாட்டுப் போர். முடியாட்சிப் பழமைவாதிகளுக்கும் அரசியல் சட்டம் வேண்டும் என்ற லிபரல்களுக்கும் சண்டை. மடங்களில் பல பழமைவாதிகள் பக்கம் நின்றன, லிபரல்கள் ஜெயித்தார்கள். 1834 மே 30-ல் அமைச்சர் ஜோவாக்கிம் அந்தோனியோ த அகியார் ஒரே ஆணையில் ஆண் துறவியர் சபைகள் அனைத்தையும் கலைத்தார். சொத்தெல்லாம் அரசுக்கு. அந்த ஆணைக்காக மக்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'மாத்தா ஃப்ராதஸ்', அதாவது துறவிகளைக் கொன்றவர். கப்பல் ஏறி அந்த ஆணை கோவா வந்து சேர்ந்தது. 1835-ல் அகுஸ்தினார் துறவிகள் மடத்தைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். கதவைச் சாத்தினார்கள், அவ்வளவுதான். கோயிலை இடிக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. பராமரிக்கச் சொல்லியும் யாரும் உத்தரவு போடவில்லை.

முதலில் போனது மணி. 1841-ல் இறக்கி, மாண்டவி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிற அகுவாதா கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த வருஷமே, 1842-ல், கோயிலின் வளைவுக் கூரை மொத்தமாக உள்ளே விழுந்தது. கைவிட்டு ஏழே வருஷம்! சுவரும் முகப்பும் மட்டும் இன்னும் தொண்ணூறு வருஷம் தாக்குப்பிடித்தன. 1931-ல் முகப்பும் கோபுரத்தின் பாதியும் சரிந்தன. 1938-ல் இன்னும் கொஞ்சம். மிச்சம்தான் இன்று நாம் பார்ப்பது.

இங்கே கல்லைப் பற்றிக் கொஞ்சம் பேசணும். எனக்கு இந்த இடிபாட்டில் ரொம்பப் பிடித்த பகுதியே அதுதான்.

கோவாவில் கோயிலானாலும் வீடானாலும் கோட்டையானாலும் அடிப்படைக் கல் ஒன்றுதான், செம்புராங்கல். கேரளத்தில் வெட்டுக்கல் என்பார்கள். 1800-ல் மதராஸிலிருந்து கிளம்பி மைசூர், மலபார் எல்லாம் சுற்றிய பிரான்சிஸ் புக்கானன், மலப்புரத்து அங்காடிப்புரத்தில் இதை வெட்டுவதைப் பார்த்துத்தான் 'லேட்டரைட்' என்று பெயர் வைத்தார். லத்தீனில் செங்கல் என்று அர்த்தம். பொருத்தமான பெயர். மண்ணுக்குள் ஈரத்தோடு இருக்கும்வரை கோடாலியால் வெட்டலாம், அவ்வளவு மெத்து. வெளியே எடுத்துக் காயவிட்டால் இறுகிவிடும். செலவு குறைவு, வேலை சுலபம். ஆனால் ஒரு குணம் உண்டு. கல் முழுக்கச் சின்னச் சின்ன பொந்துகள், அந்தப் பொந்துகளில் வெளுத்த களிமண். மழைநீர் புகுந்தால் களிமண் கரைந்து வெளியே வரும், பொந்து பெரிதாகும், அடுத்த மழைக்கு இன்னும் அதிகம் நீர் புகும். கோவாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை. சென்னையில் பெய்வதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், அதுவும் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை நாலே மாதத்தில்.

ஆக இந்தக் கல்லுக்கு ஒரு சட்டை வேண்டும். சிப்பி சுட்ட சுண்ணாம்பில் காரை பூசி, மேலே வெள்ளையடித்து, மழை முடிந்ததும் வருஷா வருஷம் திரும்பப் பூச வேண்டும். கோவாவின் கோயில்கள் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருப்பது அழகுக்காக மட்டும் இல்லீங்க. அது மழைக்கோட்டு. இன்று நாம் சிவப்பாகப் பார்த்து போட்டோ எடுக்கிற இந்த மணிக்கூண்டும் கட்டிய காலத்தில் சிவப்பாக இருந்திருக்காது. நாம் பார்ப்பது தோல் உரிந்த உடம்பு.

1835-க்குப் பிறகு சுண்ணாம்பு அடிக்க ஆளில்லை. ஒரு மழைக்காலம், ரெண்டு மழைக்காலம், ஏழு மழைக்காலம். முதலில் கூரை ஓட்டைதான் ஒழுகியிருக்கும். வளைவுக் கூரைக்கு ஒரு சிக்கல் உண்டு. அதன் ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லை அழுத்திக்கொண்டுதான் மேலே நிற்கிறது. நடுவில் நாலு கல் நழுவினால் மிச்சமும் கூடவே வரும். கூரை விழுந்தபின் முகப்புச் சுவருக்குப் பின்னால் பிடிமானம் இல்லை. ஆல், அரசு, அத்தி விதைகளை எச்சமிட்டுப் போகப் பறவைகளுக்குச் சொல்லியா தரணும்? வேர் இறங்கி, மழை இறங்கி, 1931-ல் கீழே. இடித்தது யார் என்ற அந்தக் கோயம்புத்தூர்ப் பெரியவரின் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்வதானால், லிஸ்பனில் போட்ட ஒரு கையெழுத்தும் அரபிக்கடல் மழையும்.

இதில் சோகமான விஷயம் ஒன்று. இவ்வளவு தெரிந்த பிறகும் இதே தப்பைத் தெரிந்தே இன்னொரு கட்டடத்துக்குச் செய்தார்கள். கீழே இருக்கிற போம் ஜேசு பசிலிக்காவின் வெளிச்சுவர் செம்புராங்கல்லாகத் தெரிகிறதே, அது அப்படிக் கட்டப்பட்டதல்ல. 1950-களில், போர்த்துகீசிய ஆட்சியின் கடைசிக் காலத்தில், பல்தஜார் காஸ்த்ரோ என்ற புனரமைப்பு நிபுணர் 'பழமைத் தோற்றம்' வரட்டும் என்று காரையை உரித்துவிட்டார். 1605-ல் அர்ச்சிக்கப்பட்ட கோயிலுக்கு 350 வருஷம் கழித்துச் செயற்கையாகப் பழமை பூசினார்கள், அதாவது பூச்சை எடுத்தார்கள். அன்றிலிருந்து மழை அந்தச் சுவரைத் தின்றுகொண்டிருக்கிறது. திரும்பக் காரை பூசுங்கள் என்ற குரல் 2020 முதல் பலமாகக் கேட்கிறது. எதிர்ப்பும் இருக்கிறது, ஏனென்றால் மூன்று தலைமுறை அந்தச் சிவப்பைப் பார்த்தே பழகிவிட்டது. சுற்றுலா விளம்பரங்களில் அந்தச் சிவப்புதான் 'பழைய கோவா'. என் கட்சி சுண்ணாம்புக் கட்சி. வேறு கருத்து இருப்பவர்கள் மேட்டில் ஏறி இந்தக் கோபுரத்தை ஒருதடவை பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

கோபுரம் விழுவது பழைய கோவாவில் புதிதும் இல்லை. சே கதீட்ரலுக்கு இரண்டு மணிக்கூண்டுகள் இருந்தன. வடக்குக் கூண்டு 1776-ல் விழுந்தது, திரும்பக் கட்டவே இல்லை. இன்றும் ஒரு பக்கம் மட்டும் உயர்ந்து, கை ஒடிந்த மாதிரி நிற்கிறது. மிஞ்சிய கூண்டில்தான் 'தங்க மணி' இருக்கிறது. தங்கத்தில் செய்ததல்ல, நாதத்துக்காக வந்த பெயர். கோவாவிலேயே பெரிய மணி. இன்குவிசிஷன் விசாரணை மன்றம் தண்டனையை ஊரறிய நிறைவேற்றும் நாட்களில் அந்த மணிதான் அடிக்கும் என்பார்கள். 1560-ல் தொடங்கி, நடுவில் நாலு வருஷம் நீங்கலாக, 1812 வரை அந்த மன்றம் கோவாவில் இயங்கியது. இடிபாட்டின் அழகில் மயங்கி 'அடடா, என்ன ஒரு காலம்' என்று எழுதுகிற பயணக் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மணி ஞாபகத்துக்கு வந்துவிடும். அன்றைக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டு வீட்டுக்குள் விளக்கை அணைத்தவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தானே.

இப்போது பாரசீகக் கதைக்கு வருவோம். 1980-களிலிருந்து இந்த இடிபாட்டைத் தேடி வெளிநாட்டுக் குழுக்கள் வர ஆரம்பித்தன. போர்த்துகீசியர்கள் இல்லை, ஜார்ஜியர்கள். கருங்கடல் ஓரத்து ஜார்ஜியாவுக்கும் கோவாவின் ஒரு மேட்டுக்கும் என்ன சம்பந்தம்?

காக்கேத்தி என்பது கிழக்கு ஜார்ஜியாவின் ஒரு அரசு. அதன் ராணி கேத்தவான். மகன் தெய்முராஸ் அரசன். பாரசீகத்தின் ஷா அப்பாஸ் படையெடுத்து வரப்போகிறான் என்ற நிலையில், நாட்டைக் காப்பாற்ற ராணியே பணயக்கைதியாகப் போனார். பத்து வருஷம் போல ஷிராஸில் காவலில் இருந்தார். கிறிஸ்தவத்தை விட்டுவிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தினார்கள். மறுத்தார். 1624 செப்டம்பரில் சித்திரவதை செய்து கொன்றார்கள். அந்தச் சமயத்தில் ஷிராஸில் இருந்தவர்கள், மெனேசெஸ் தொடங்கிவைத்த பாரசீகப் பணியின் வழிவந்த அகுஸ்தினார் துறவிகள். 1622-ல்தான் போர்த்துகீசியர்கள் ஹோர்முசை ஷா அப்பாஸிடம் இழந்திருந்தார்கள், ஆக அவர்களுக்கும் அங்கே நிலைமை சரியில்லை. அந்த நிலையிலும் ராணியின் புதைகுழியை ரகசியமாகத் தோண்டி எலும்புகளை எடுத்தார்கள். ஒரு பகுதியை ஜார்ஜியாவுக்கு, மகனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதன் பயனாக அங்கே கோரி என்ற ஊரில் மடம் வைக்கவும் அனுமதி கிடைத்தது. பக்தியும் ராஜதந்திரமும் ஒரே பெட்டியில்! வலக்கையை 1627-ல் கோவாவுக்கு, இந்த அருள் அன்னை மடத்துக்குக் கொண்டுவந்தார்கள். இத்தனைக்கும் ராணி ஆர்த்தடாக்ஸ் சபையைச் சேர்ந்தவர், இவர்கள் கத்தோலிக்கர்கள். ஜார்ஜிய சபை அவரைப் புனிதராக அறிவித்தது. லிஸ்பன் க்ராசா மடத்துச் சுவரில் அவருடைய சாவை ஓட்டுச் சித்திரமாக வரைந்து வைத்திருக்கிறார்கள்.

பழைய போர்த்துகீசிய ஆவணம் ஒன்று திருப்பண்டம் இருந்த இடத்தைச் சொல்கிறது. மடத்தின் சபைக்கூடச் சிற்றாலயத்தில், நிருபப் பக்கத்து இரண்டாவது ஜன்னலில், கல்பெட்டிக்குள். 'நிருபப் பக்கம்' என்பது பழைய லத்தீன் பூசை முறையை வைத்துச் சொல்வது. பீடத்தைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் நிருபம் வாசிப்பார்கள், இடப்பக்கம் நற்செய்தி. வழி துல்லியமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜன்னல் எங்கே? சுவரே இல்லையே! சபைக்கூடச் சிற்றாலயம் எது என்றே தெரியாமல் ஏக்கர் கணக்கில் இடிபாடு. மடத்தின் வரைபடத்தை மண்ணைத் தோண்டித் தோண்டித்தான் மீட்க வேண்டியிருந்தது. இந்தியத் தொல்லியல் துறை வருஷக்கணக்கில் இடிபாட்டை அகற்றி, அறை அறையாக அடையாளம் கண்டு, 2004-ல் ஒரு நீண்ட கை எலும்பையும் வேறு இரண்டு எலும்புகளையும் எடுத்தது.

அடுத்த கட்டம் ஹைதராபாத். அங்குள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் குமாரசாமி தங்கராஜ் குழு, அந்தமான் பழங்குடிகளின் மரபணுவை ஆராய்ந்து பெயர் பெற்றவர் அவர், இந்த எலும்புகளிலிருந்து தாய்வழி டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தது. நானூறு வருஷம் கோவா ஈரத்தில் கிடந்த எலும்பில் டி.என்.ஏ. தேறினதே பெரிய விஷயம். கை எலும்பில் கிடைத்தது யு1பி என்ற மரபுவழி. தங்களிடம் இருந்த 22,000-க்கும் மேற்பட்ட இந்தியத் துணைக்கண்ட மாதிரிகளோடு ஒப்பிட்டார்கள். ஒன்றில்கூட அது இல்லை. ஜார்ஜியர்கள் 30 பேரைப் பார்த்தார்கள். இரண்டு பேரிடம் இருந்தது. மற்ற இரண்டு எலும்புகளிலும் தெற்காசிய மரபுவழிகள். 2014-ல் வெளியான அந்த ஆய்வுக்கட்டுரையின் தலைப்பிலேயே 'அநேகமாக' என்ற சொல் இருக்கிறது. மேற்கு இந்தியாவில் கிடைத்த இந்தத் திருப்பண்டம் அநேகமாக ராணி கேத்தவானுடையது, என்கிறது தலைப்பு.

அந்த 'அநேகமாக' எனக்கு முக்கியமாகப் படுகிறது. தாய்வழி டி.என்.ஏ. ஓர் ஆளை அடையாளம் காட்டாது, ஒரு வம்சாவளியின் கிளையை மட்டும் காட்டும். ராணியின் இன்னொரு எலும்போ, தாய்வழி உறவினர் என்று உறுதியான ஒருவரோ ஒப்பிடக் கிடைத்தால்தான் ஒரு படி மேலே போக முடியும். ஆவணம் சொன்ன மடம், இந்தியாவில் அரிதிலும் அரிதான மரபுவழி, ஜார்ஜியாவில் அது இருப்பது, மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன. நியாயமான முடிவுதான். ஆனால் 2021 ஜூலையில் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் திபிலீசிக்குப் போய்த் திருப்பண்டத்தின் ஒரு பகுதியை ஜார்ஜியாவுக்கு அளித்தபோது வந்த செய்திகளில் பெரும்பாலும் அந்தச் சொல் காணாமல் போயிருந்தது. விமான நிலையத்தில் பேராயர்களும் பிரதமரும் காத்திருக்கிற இடத்தில் 'அநேகமாக' என்று யார் சொல்லப்போகிறார்கள்! விஞ்ஞானி எழுதினது ஒன்று, அரசாங்கம் கொடுத்தது ஒன்று, பக்தர்கள் வாங்கிக்கொண்டது இன்னொன்று. மூன்றுமே அதே எலும்புதான்.

இன்னொன்றையும் யோசித்துப் பார்த்தேன். மடம் கைவிடப்படாமல் இருந்திருந்தால் அந்தக் கல்பெட்டி வேறெங்காவது மாற்றப்பட்டிருக்கும், பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கும், திருடுகூடப் போயிருக்கும். கூரை விழுந்து மூடினதால்தான் எலும்பு மண்ணுக்குள் இருந்த இடத்திலேயே கிடந்தது. இதைக் கைவிட்டதற்கு ஆதரவான வாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். காலை ஒன்பது மணிக்கு முன்னால் போனால் கூட்டமே இருக்காது. கோபுரத்தின் நேர் அடியில் போகாமல், மடத்தின் பக்கம் சுற்றிப் பின்னால் வாருங்கள். சபைக்கூடம் இருந்த பகுதியை அங்கே பார்க்கலாம். தரைக் கல்லறைகளில் எழுத்து தேய்ந்திருக்கும், சாய்ந்த வெயிலில்தான் படிக்க வரும். மழைக்காலத்தில் போனால் பாசி வழுக்கும், ஆனால் கல்லின் நிறம் அப்போதுதான் ரத்தச் சிவப்பாக இருக்கும். எனக்கென்னவோ அந்தச் சமயத்தில் பார்க்கத்தான் மனசு வராது.

மணி என்ன ஆச்சு என்று கேட்பீங்க. அகுவாதா கோட்டையில் முப்பது வருஷம் இருந்தது. 1871-ல் அங்கிருந்து இறக்கி பனாஜி அமலோற்பவ அன்னை கோயிலுக்குக் கொண்டுவந்தார்கள். கோவாவில் இரண்டாவது பெரிய மணி, அதைத் தாங்க முகப்பின் உச்சியில் தனியாக ஒரு மணிமாடம் கட்டினார்கள். சினிமாக்களில் அடிக்கடி வருமே, இருபுறமும் வளைந்து வளைந்து ஏறும் படிக்கட்டோடு ஒரு வெள்ளைக் கோயில், அதுதான். பழைய கோவாவிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்று மேலே பார்த்தால் மணி நன்றாகத் தெரியும். நான் போனது அக்டோபர் கடைசி. மழை விட்டிருந்தது. சாரம் கட்டி, முகப்புக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள்.